சதியைக் கண்டுபிடிக்காதே, தம்பி

காவலர் தேர்வில் தேறி, பயிற்சியும் முடித்து, முதல் டூட்டியே வேடந்தாங்கலில் காணும் பொங்கல் பந்தோபஸ்து என்று உன் அப்பா டீக்கடையில் சொன்னார். சந்தோஷம். உனக்கு உளவு பார்க்கிற கியூ பிரிவில் சேர ஆசை, பெரிய சதி ஒன்றைத் துப்புத் துலக்கி நெஞ்சில் பதக்கம் குத்திக்கொள்ள ஆசை என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் போலீஸில் இருந்தவன் இல்லை. ஒரே ஒரு சதி வழக்கை முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேப்பரில் படித்துப் படித்துக் கண் கெட்டவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வேடந்தாங்கல் டூட்டி கஷ்டமில்லை. படாளத்தில் திரும்பி உள்ளே போனால் ஏரிக்கரை. நீருக்குள் நிற்கிற கடம்ப மரங்கள் எச்சம் பட்டு வெளுத்து, கிளைக்குக் கிளை கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் அரிவாள் மூக்கனுமாகத் தொங்கும். கரையில் வெள்ளரிப் பிஞ்சு விற்பவர், தொலைநோக்கியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிப் பார்க்கும் தகப்பன், செல்ஃபி எடுக்கத் தடுப்புக் கம்பி மேல் ஏறும் கல்லூரிப் பையன்கள். ‘சார், அது ஃபிளமிங்கோவா?’ என்று கேட்பார்கள். மஞ்சள் மூக்கு நாரை என்று சொல். அன்றைக்கு நீ கண்டுபிடிக்க வேண்டியது அவ்வளவுதான்.

அந்த ஏரிக்கும் ஒரு வழக்குக் கதை உண்டு. கம்பெனிக் காலத்தில் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நேரே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர் கவுல் என்ற உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்: பறவைகளைத் தொடக்கூடாது. வெள்ளைக்காரத் துரை, தன் சொந்தப் பட்டாளத்தின் மேல் வேற்று நாட்டுக் குடியானவன் சொன்ன புகாரைக் காதில் வாங்கி, காகிதத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டான். இன்றைக்கும் அந்த ஊரில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கீழே இருப்பவன் சொன்னதை மேலே இருப்பவன் கேட்டதாக இந்த ஜில்லாவில் எனக்குத் தெரிந்து பதிவான சம்பவம் அது ஒன்றுதான். மற்றதற்கு வருகிறேன்.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரும் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாதான். பெயருக்குப் பின்னால் அண்ணாவை ஒட்டுவதா எம்ஜிஆரை ஒட்டுவதா என்று ஆட்சிக்கு ஆட்சி பலகையை மாற்றிக்கொண்டிருந்த காலம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ராஜீவ் காந்தி வருகிறார். கையில் சந்தன மாலையோடு, கண்ணாடி போட்ட ஒரு பெண் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னே வருகிறாள். உதவி ஆய்வாளர் அனுசுயா அவளைக் கையால் தடுத்துப் பின்னே தள்ளுகிறார். இந்திய அரசின் ஒட்டுமொத்தப் பாதுகாப்பு ஏற்பாட்டில் அந்தச் சதியின் மேல் உண்மையில் கை வைத்தது அந்த ஒரு கைதான். ‘வரட்டும், விடுங்கள்’ என்று தலைவர் சொல்லிவிட்டார் என்பது அனுசுயா பிற்பாடு பலமுறை சொன்ன தகவல். விட்டார். அடுத்து என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அனுசுயா விரல்களை இழந்தார், உடம்பெல்லாம் இரும்புச் சிதறல். எஸ்.பி. முகமது இக்பால் உட்பட ஒன்பது போலீஸ்காரர்கள் செத்தார்கள். கவிதை சொல்ல வந்த ஒரு சின்னப் பெண்ணும் செத்தாள்.

இப்போது பாடம் எடுத்துக்கொள். உன் ஊகம் சரியாக இருக்கலாம். உன் கை சரியான ஆளின் தோளில் இருக்கலாம். மேலிருந்து ‘விடு’ என்று ஒரு சொல் வந்தால் கை கீழே இறங்க வேண்டும். இறங்கினால் விரல் போகும். இறங்காவிட்டால் மெமோ வரும். பயிற்சிப் பள்ளியில் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

வழக்கை யார் துப்புத் துலக்கினார்கள் என்று கேட்பாய். செத்துப்போன ஒரு பையனின் கேமரா. ஹரிபாபு என்ற புகைப்படக்காரர். அவரைப் படம் எடுக்கக் கூட்டி வந்தவர்கள் சதிகாரர்கள். அவர் உடம்பின் மேல் கேமரா உடையாமல் கிடந்தது. உள்ளே பத்துப் படங்கள். மாலையோடு நிற்கும் பெண், குர்தா போட்டுக்கொண்டு பத்திரிகைக்காரர் வேஷத்தில் ஒற்றைக்கண் சிவராசன், எல்லாரும் வரிசையாக. கொலைகாரர்களே போட்டோகிராபர் வைத்து, ஃபிலிம் போட்டு, தடயத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கேமரா மட்டும் உடைந்திருந்தால் நம் துப்பறியும் சிங்கங்கள் இன்றைக்கும் காலிஸ்தானுக்கும் காசாவுக்கும் டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சதியின் வேர் எங்கே என்று தேடப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம். 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் இளைஞர்களை அழைத்து, டேராடூன் பக்கத்துச் சக்ராதாவில் துப்பாக்கி பிடிக்கவும் குண்டு வைக்கவும் கற்றுக் கொடுத்தது யார்? நம் உளவுத்துறை. சேலம் கொளத்தூரில் முகாம் போட இடம் விட்டது யார்? நம் மாநிலம். கைதட்டியது யார்? நாம்தான், உன் அப்பாவும் நானும் உட்பட. பிறகு 1987 ஜூலை 29இல் கொழும்பில் ஒப்பந்தம். நேற்று பாடம் எடுத்த வாத்தியார் இன்று மாணவனிடம் துப்பாக்கியைக் கீழே வை என்றார். அக்டோபரில் சண்டை. அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் புகுந்து மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுத் தள்ளியது. 1989 ஆகஸ்ட்டில் வல்வெட்டித்துறையிலும் அதே கதை. இதற்கெல்லாம் எந்த அதிகாரியும் எந்த நீதிமன்றப் படியும் ஏறவில்லை. மறுபக்கம், எதற்காகப் போகிறோம் என்றே தெரியாமல் கப்பலேறிய இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சவப்பெட்டியில் திரும்பினார்கள். மிச்சம் பேர் 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வரவேற்கக்கூட முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. செத்தவனும் புதிதாகச் சேர்ந்தவன், சுட்டவனும் புதிதாகச் சேர்ந்தவன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பழைய ஆட்கள்.

இந்தக் கதையில் உன்னைப் போல் சீருடை போட்ட இன்னொரு பையனும் வருகிறான். ஒப்பந்தத்துக்கு மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதை. வரிசையில் நின்ற இலங்கைக் கடற்படை மாலுமி விஜித ரோஹண, துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் ராஜீவை ஓங்கி அடித்தான். அவர் தலையைக் குனிந்து தப்பினார். பழி வாங்கல்தான், ஆனால் சதி கிதி ஒன்றும் கிடையாது. உலகத் தொலைக்காட்சி முன்னால் பட்டப்பகலில். ஆறு வருஷ சிறை. இரண்டரை வருஷத்தில் பிரேமதாசா மன்னித்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ரோஹண ஜோசியரானார். 2017இல் ஜனாதிபதி சிறிசேன செத்துப்போவார் என்று நாள் குறித்துச் சொல்லி மறுபடி கைதானார். சிறிசேன சாகவில்லை. அடித்தவனுக்கு இரண்டரை வருஷம், பேட்டரி வாங்கியவனுக்கு முப்பத்தொன்று என்று இந்த வட்டாரத்தில் கணக்கு. பிறகு அந்தப் பேட்டரிக்கு வருகிறேன்.

விடுதலைப் புலிகளைப் பற்றி நான் மெழுகிப் பேசுவேன் என்று நினைக்காதே. பழியென்றால் ராணுவத்தை அனுப்பியவனோடு முடித்துக்கொண்டார்களா? ஒரு இளம்பெண்ணின் இடுப்பில் வெடியைக் கட்டி அனுப்பினார்கள். அவளுக்குப் பெயர் தனு. அதுவும் சொந்தப் பெயரில்லை. கூட்டத்தில் மாலை போட வந்தவன், லத்தி பிடித்து நின்றவன் எல்லாரும் சேர்ந்து போனார்கள். மே மாதம் வெடி வைக்கப் போகிறவர்கள் தரப்பிலிருந்து மார்ச் மாதம் கவிஞர் காசி ஆனந்தன் டெல்லிக்குப் போய் ராஜீவிடம் நல்லபடி பேசிவிட்டு வந்தார். 2002இல் கிளிநொச்சியில் பத்திரிகையாளர் கேட்டபோது பிரபாகரன் அதற்கு ஒரு பெயர் வைத்தார்: ‘துன்பியல் சம்பவம்’. சம்பவமாம். ரோட்டில் லாரி கவிழ்ந்த மாதிரி. அந்தச் சம்பவத்தின் வட்டியையும் முதலையும் தமிழ்நாட்டில் கூடாரத்தில் கிடந்த ஈழத்து ஏழைகள் கட்டினார்கள். 1992 ஜனவரியிலிருந்து கப்பலேற்றி அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியும் கல்லூரியும் மூடப்பட்டன. தொண்டு நிறுவனங்களை முகாமுக்குள் விடவில்லை. அதுவும் பழிதான். அரசாங்க முத்திரை குத்திய பழி.

இனி, சதி எப்படிக் கண்ணுக்கு முன்னால் நடந்தும் தெரியாமல் போனது என்பதைப் பார். 1990 ஜூன் 19இல் கோடம்பாக்கம் சக்காரியா காலனியில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் சுட்டுவிட்டு, கொலையாளிகள் கார் பிடித்துக் கடற்கரைக்குப் போய்ப் படகேறிவிட்டார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் வழி நெடுக விழித்திருந்தது; விழித்து மட்டும் இருந்தது. புலிகளை அடக்கத் தவறியது என்ற காரணம் சொல்லி 1991 ஜனவரி 30இல் திமுக ஆட்சியைக் கலைத்தது சந்திரசேகர் அரசு. கலைக்கச் சொல்லி ஆளுநர் பர்னாலா அறிக்கை தரவில்லை. அறிக்கையில்லாமலே கலைத்தார்கள். சரி, அடக்கத் தெரிந்தவர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைப்போம். ஜனாதிபதி ஆட்சி. சட்டம் ஒழுங்கு முழுக்க டெல்லியின் கையில். மே 1ஆம் தேதி சிவராசன் கூட்டம் கோடியக்கரையில் நிம்மதியாக வந்திறங்கியது. சில நாளிலேயே சென்னை நந்தனத்தில் வி.பி. சிங் கூட்டத்தில் மாலை போட்டு ஒத்திகை பார்த்தது. நாடகக்காரர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக ஒத்திகை பார்ப்பதில்லை. கடலுக்கு அக்கரையோடு ஒயர்லெஸ்ஸில் சங்கேத மொழியில் பேச்சு நடந்தது. அந்த அலைவரிசையில் நம் ஆட்களும் காது வைத்திருந்தார்கள். பதிவான செய்திகளின் அர்த்தம் பிரிந்தது கொலைக்குப் பிறகு. புலிகளை அடக்கவில்லை என்று ஒருவர் பதவி போயிற்று; அடக்க வந்தவர்கள் காலத்தில் முன்னாள் பிரதமரே போனார். இரண்டாவதற்குப் பதவி இழந்த பெரிய மனிதர் யார் என்று விரல் விட்டு எண்ணு. அனுசுயாவிடம் மிச்சமிருக்கும் விரல்களே தாராளம்.

அடுத்த மாதம் தேர்தல். அதிமுக-காங்கிரஸ் கூட்டணிக்கு 234இல் 225. செத்தவரின் சட்டையைக் காட்டி ஓட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் ஸ்ரீபெரும்புதூரில் செத்த போலீஸ்காரர்களின் வீட்டு வாசலை மறுவருஷம் மிதித்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. உனக்கும் தோன்றினால் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேள்.

டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு. மூன்று மாதத்தில் சிவராசனைப் பெங்களூர் கோணனகுண்டேயில் ஒரு வீட்டுக்குள் மடக்கிவிட்டார்கள். பாராட்ட வேண்டியதுதான். மடக்கிவிட்டு, உயிரோடு பிடிக்க வேண்டும் என்று வெளியே ஒன்றரை நாள் காத்தார்கள். கமாண்டோக்கள் தயார். உத்தரவு தயாராகவில்லை. ஆகஸ்ட் 20 விடிகாலை உள்ளே நுழைந்தபோது ஏழு பிணங்கள். ராஜீவின் பிறந்த நாள் வேறு. சதியின் முழுக் கதையும் தெரிந்த வாய்கள் சயனைடும் குண்டுமாக மூடிக்கொண்டன. உயிரோடு இருந்த வாய்கள் எல்லாம் எடுபிடிகளின் வாய்கள்.

எடுபிடிகளுக்கு வருவோம். 1991 ஜூன் 11இல் ‘விசாரித்துவிட்டு நாளைக் காலையில் அனுப்பிவிடுகிறோம்’ என்று சொல்லி தாய் அற்புதம்மாளிடமிருந்து அழைத்துப் போனார்கள் பேரறிவாளன் என்ற பையனை. வயது 19. உன் வயதுக்கும் கீழே. குற்றம், இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. பெட்டிக்கடையில் ரேடியோவுக்குப் போடுகிற அதே பேட்டரி. எதற்கென்று எனக்குத் தெரியாது என்று பையன் சொன்னான். வாக்குமூலம் பதிவு செய்த சிபிஐ எஸ்.பி. தியாகராஜன் பேட்டரி வாங்கியதை எழுதினார். தெரியாது என்றதை எழுதவில்லை. எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாக இருக்காதே. இதை அவரே 2013இல், ஓய்வு பெற்ற பிறகு, வெளியே சொன்னார். 22 வருஷம் கழித்து. ஒரு வரியை விட்டார், அது ஒரு மனிதனைத் தூக்குமேடை வரை ஏற்றியது. நாளைக்கு உனக்கு ரைட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டேட்மெண்ட் எழுதுகிற வேலை வரும். ‘தெரியாதுன்னு சொல்றான் ஏட்டையா, எழுதட்டுமா?’ என்று நீ கேட்பாய். அவர் டீ குடித்துக்கொண்டே என்ன சொல்வார் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 26க்கு 26. கணக்குப் பரீட்சையில்கூட இப்படி நூற்றுக்கு நூறு வருவதில்லை. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை வீட்டுக்குப் போகச் சொன்னது. நான்கு பேருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். அதில் ஒரு வேடிக்கையைக் கவனி: இது அரசை மிரட்டச் செய்த பயங்கரவாதச் செயல் இல்லை, ஆகவே தடா சட்டக் குற்றம் பொருந்தாது என்று தீர்ப்பு. ஆனால் தடா சட்டப்படி போலீஸ் அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலங்கள் பொருந்தும் என்றும் அதே தீர்ப்பு. கல்யாணம் செல்லாது, மொய் செல்லும்.

கமிஷன்களுக்கு வா. பாதுகாப்பு ஓட்டையைப் பார்க்க வர்மா கமிஷன். சதியைப் பார்க்க ஜெயின் கமிஷன், 1991 ஆகஸ்ட்டில். ஜெயின் ஆறு வருஷம் உட்கார்ந்து இடைக்கால அறிக்கை கொடுத்தார். ஐயாயிரம் பக்கத்துக்கு மேல். இடைக்காலமே அவ்வளவு நீளம் என்றால் முழுக் காலத்தை நினைத்துப் பார். அது 1997 நவம்பரில் கசிந்தது. திமுகவின் மேல் பழி போட்டிருந்தது. ‘திமுக அமைச்சர்களை வெளியேற்று’ என்றது காங்கிரஸ். பிரதமர் குஜ்ரால் மறுத்தார். காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது, அரசு விழுந்தது. தலைவர் ரத்தத்தின் பேரில் ஒரு மத்திய அரசையே கவிழ்த்த கட்சி, ஏழாவது வருஷம், 2004இல், அதே திமுகவைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டது. அமைச்சரவையில் இடமும் கொடுத்தது. ஐயாயிரம் பக்கத்தில் எந்தப் பக்கத்தைக் கிழித்தார்கள் என்று யாரும் அறிவிக்கவில்லை.

பிரதமர் அலுவலகத்திலிருந்த இந்த விவகாரக் கோப்பு ஒன்று காணாமலே போனது. சாவி போட்ட அலமாரி, துப்பாக்கி பிடித்த வாசல் காவல், கையெழுத்துப் போட்டு உள்ளே போகும் பதிவேடு எல்லாம் உள்ள இடம் அது. ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் எடுத்த ஒரு வீடியோ மறைக்கப்பட்டது என்று, வழக்கின் தலைமை விசாரணை அதிகாரியாக இருந்த ரகோத்தமன் ஓய்வுக்குப் பிறகு புத்தகமே எழுதி, அன்றைய உளவுத்துறைத் தலைமையைக் குற்றம் சாட்டினார். நிரூபணமாகவில்லை. நிரூபிக்க யாரும் மெனக்கெடவும் இல்லை. அந்தத் தலைமை பிறகு தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும், ஒரு மாநிலத்தின் ஆளுநராகவும் உயர்ந்தது.

ஜெயின் விட்ட மிச்சத்தைத் தோண்ட 1998இல் சிபிஐக்குள் பல்துறைக் கண்காணிப்புக் குழு ஒன்று போட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு என்று போட்டது. நீட்டித்தார்கள். மறுபடி நீட்டித்தார்கள். அதில் சேர்ந்த அதிகாரிகளின் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், அவர்கள் பிள்ளைகளுக்குக் காது குத்தியிருப்பார்கள். 2022இல் கலைத்தார்கள். சதி தெரிந்ததா? கலைத்த உத்தரவு வந்தது தெரியும். இருபத்து நான்கு வருஷச் சம்பளம், பயணப்படி, நாற்காலி. சதியைக் கண்டுபிடிக்கிற வேலை வேண்டுமானால் அந்த மாதிரி வேலையில் சேர், தம்பி. கண்டுபிடித்துவிட்டால் வேலை போய்விடும் என்ற ஒரு ஆபத்தைத் தவிர வேறு கஷ்டம் இல்லை.

உள்ளே இருந்த ஏழு பேருக்கு அதே ஆண்டுகள் வேறு மாதிரி நகர்ந்தன. தூக்கு விதிக்கப்பட்ட நால்வரில் நளினியின் தூக்கு 2000இல் ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவரின் கருணை மனு 11 வருஷம் கழித்து நிராகரிக்கப்பட்டு, 2011 செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஆகஸ்ட் 28இல் உன் பக்கத்து ஊரான காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற பெண் அந்தத் தூக்கை எதிர்த்துத் தன் மேல் தீ வைத்துக்கொண்டாள். நெருப்பை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கூட்டம் போட்டு அழுத தலைவர்கள் யாரும் மண்ணெண்ணெய் வாங்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள். 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கை ரத்து செய்தது. மறுநாளே விடுதலை என்றார் ஜெயலலிதா, 1991 அலையில் கரையேறிய அதே ஜெயலலிதா. 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கோப்பின் மேல் இரண்டு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார். வேடந்தாங்கலில் கூழைக்கடாகூட முட்டை மேல் ஒரு மாதம்தான் உட்காரும், குஞ்சாவது பொரிக்கும். இவர் எழுந்தபோது கோப்பு ஜனாதிபதிக்குப் போனது.

2022 மே 18இல் பேரறிவாளனை உச்ச நீதிமன்றமே விடுவித்தது. முதலமைச்சர் ஸ்டாலின் கட்டித் தழுவினார். கூட்டணிக் காங்கிரஸார் மறுநாள் வாயில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று துக்கம் காத்தார்கள். பிறகு துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுக் கூட்டணியில் தொடர்ந்தார்கள். விடுதலையை மனசார எதிர்த்துப் பேசியவர் அனுசுயா. அவருக்கு உரிமை இருக்கிறது, விரல்களைக் கொடுத்தவர். துணி கட்டியவர்கள் என்ன கொடுத்தார்கள்?

அந்த நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள். வெளியே என்று சொல்வது வாய்ப் பழக்கம். இலங்கைக்காரர்கள் நான்கு பேரைச் சிறைக் கதவிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்கு ஏற்றிப் போனார்கள். அவர்களில் ஒருவரான சாந்தன் அங்கேயே நோயில் விழுந்தார். ஊருக்குப் போக அனுமதி கைக்கு வந்த வேளையில், 2024 பிப்ரவரி 28இல், சென்னையில் ஆஸ்பத்திரியில் செத்தார். எந்த ஆஸ்பத்திரி தெரியுமா? ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. கதை எழுதுகிறவன் இப்படி முடித்தால் அடித்துத் துரத்துவோம்.

சிறப்பு முகாம் என்பது கியூ பிரிவின் கைப்பிடியில் இருக்கிற இடம். உன் செங்கல்பட்டிலேயே, கிளைச் சிறையில் ஒன்று பல வருஷம் நடந்தது. வழக்கில் ஜாமீன் வாங்கியவன், விடுதலையானவன், வழக்கே இல்லாதவன் எல்லாரையும் வெளிநாட்டவர் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி அடைத்து வைத்தார்கள். எத்தனை நாள்? சட்டத்தில் சொல்லவில்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தோடு சேர விடுங்கள் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். 2010 பிப்ரவரியில் உள்ளே தடியடி நடந்தது. தடி பிடித்தவர்களில் பயிற்சி முடித்த புதுப் பையன்களும் இருந்திருப்பார்கள்; முகாமில் இருந்தவர்கள் யார், எதற்காக இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீ கேட்கிற கியூ பிரிவு வேலையின் பெரும்பகுதி இதுதான். சக்ராதாவையும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியையும் தோண்டுகிற வேலைக்கு அங்கே ஆள் எடுக்கவில்லை. அகதியின் செல்போனைப் பிடுங்கிப் பார்க்கிற வேலைக்கு எடுக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லியும், இல்லை, துப்புத் துலக்கியே தீருவேன் என்று நின்றால், உன் தகுதிக்கு ஏற்ற ஒரு கேஸ் இருக்கிறது. பிரதமர் அலுவலகத்தில் கோப்பு காணோம். யார் எடுத்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எளிய திருட்டுக் கேஸ்தான். பூட்டு, சாவி, கைரேகை, அன்றைக்கு டூட்டியில் இருந்தவன் யார், மேஜைக்கு யார் வந்தது: முதல் மாதப் பயிற்சியில் சொல்லித் தந்தது அத்தனையும் போதும். பந்தோபஸ்து முடிந்து போகிற வழியில் படாளம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு புகார் எழுதிக் கொடு. எல்லைக்கு வெளியே என்பார்கள். எங்கே நடந்ததாக இருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று சட்டத்தைக் காட்டு. ரைட்டர் சிரிப்பார். ஏட்டையா உன் அப்பாவுக்குப் போன் போடுவார். இன்ஸ்பெக்டர் உன் பெயரை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொள்வார். பரவாயில்லை. சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் மட்டும் படி இறங்காதே. கோப்பு காணாமல் போகிற ஊரில் அந்தத் துண்டுச் சீட்டையும் இரண்டு நகல் எடுத்து வை.